மீதி மூன்று

காலை ஆறரை மணிக்கு நான் அழுதாக வேண்டும். அழுது முடித்த பிறகுதான் காபி. பதினோரு வருஷமாக இதுதான் என் வழக்கம்.

வடபழனியில் எங்கள் பயிற்சிக்கூடத்தின் இரண்டாம் மாடியில் வரிசையாக ஆறு கண்ணாடி அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்குவமானி. உள்ளே போய் நின்றால் அது ஒரு காட்சியைச் சொல்லும். 'உன் தம்பி விபத்தில் போய்விட்டான், செய்தி இப்போதுதான் வருகிறது' என்று சொன்னால் அழ வேண்டும். 'பக்கத்து வீட்டுக்காரி உன் மகளைத் திருடி என்கிறாள்' என்றால் கோபப்பட வேண்டும். இப்படிப் பத்துக் காட்சி முடிந்ததும் கதவுக்கு மேலே ஓர் எண் எரியும். எண் ஏறியவர் காபிக்கு இன்னொரு கரண்டி சர்க்கரை கேட்டு வாங்குவார். இறங்கியவர் வாயைத் திறக்க மாட்டார்.

அந்த எண் தொண்ணூற்றேழைத் தொட்டால்தான் ஒரு நடிகர் ஏஜென்டைத் தேடிப் போகலாம். அதற்கு முன்னால் கதவைத் தட்டினால் ஏழு வருஷத் தடை. ஏஜென்ட் இல்லாமல் படம் இல்லை, தொடர் இல்லை, பற்பசை விளம்பரம்கூட இல்லை. முற்காலத்தில் நடிகர்கள் 'நான் தயார்' என்று தாங்களே முடிவு செய்துகொண்டு, புகைப்படத்தைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக அலைந்தார்களாம். எங்களுக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வரும். தான் தயாரா இல்லையா என்று நடிகனுக்கு என்ன தெரியும்?

பக்குவமானி நல்ல நடிப்பை அளக்கிறது என்றுதான் வெளியாட்கள் நினைக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. காட்சியைச் சொன்ன கையோடு, நான் மூச்சு விடுவதற்குள், அது தனக்குள்ளே என் நிழலியை நடிக்கவைத்துவிடும். நிழலி என்பது என் முகம், குரல், பழக்கம் எல்லாவற்றையும் வருஷக்கணக்காகப் பார்த்து அது கட்டி வைத்திருக்கும் இன்னொரு நான். பிறகு நான் நடிப்பேன். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறதோ அதுதான் மதிப்பெண். படங்களில் பெரும்பாலும் நடிப்பது, ஆளைப்போலவே செய்த இயந்திர உடம்பில் ஏற்றிய நிழலிதான், தேவைப்பட்டால் ஆளையும் கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். எப்போது தேவைப்படும் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. முதலில் மார்க் வரட்டும் என்று இருந்துவிட்டோம்.

சவரிமுத்து நான் சேர்ந்த அன்றைக்கே சேர்ந்தவன். திண்டுக்கல்காரன். பாதி வசனத்தில் அடுத்த வரியை மறந்துவிடுவான். மறந்த முழியையே நடிப்பாக்கி நம்மை அழவும் வைத்துவிடுவான். அந்த முழி எப்போது வரும் என்று பக்குவமானியால் சொல்ல முடியாததால் அவன் எண் ஆமையாக ஏறியது. போன வருஷம் தை மாதம் ஒரு வழியாகத் தொண்ணூற்றேழு எரிந்தது. அன்றைக்கே பையைத் தூக்கிவிட்டான்.

"இன்னைக்கேவாடா? இன்னும் ஒரு வருஷம் இருந்தா நூறு வந்துரும்ல?" என்றேன்.

"நூறு வந்து நான் என்ன செய்யப்போறேன்? கேட்டது தொண்ணூத்தேழு. வந்துருச்சு. போறேன்."

"ஜஸ்ட் பாஸ் ஆனவன் மாதிரி ஓடுறியே, வெக்கமா இல்ல?"

"நீ வேணா சென்டம் வாங்கிக்க, அங்கை. எனக்கு நடிக்கணும். அம்புட்டுதான்."

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏஜென்டிடம் போகிறவர் பெயரையும் எண்ணையும் வாசலில் ஒரு பலகையில் எழுதுவார்கள், பள்ளிக்கூடத்தில் முதல் மாணவர் பெயரை எழுதுவதுபோல. தொண்ணூற்றெட்டும் தொண்ணூற்றொன்பதுமாக இருந்த பலகையில் அவனுடையதுதான் மிகக் குறைந்த எண். 'தொண்ணூத்தேழு சவரி' என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டேதான் படியிறங்கினான்.

இரண்டு வாரம் கழித்து எனக்கும் தொண்ணூற்றேழு வந்தது. நான் போகவில்லை. கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கி வந்த நாளில் 'மீதி ரெண்டு எங்க போச்சு?' என்று கேட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். நூறுக்குக் குறைந்த எதையும் கையில் வைத்துக்கொண்டு நிற்க எனக்குத் தெரியாது.

நிழலி எங்கே பிசகுகிறது என்று பட்டியல் கேட்டு வாங்கினேன். அழும்போது சில சமயம் நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுத் துணி மடிக்கத் தொடங்குவேன். அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தேன். கூடத்தில் மட்டும் செய்தால் உடம்பில் நிற்காது என்று வீட்டிலும் அப்படியே இருந்தேன். ஒருநாள் என் கணவர் முகுந்தன் சாப்பாட்டின் நடுவே சொன்னார்.

"கொஞ்ச நாளா உன்கூட சண்டை போடவே பிடிக்கல. நீ என்ன சொல்லுவேன்னு முன்னாடியே தெரிஞ்சுபோவுது."

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

பத்து மாதத்தில் நூறு எரிந்தது. எங்கள் கூடத்தின் முதல் நூறு. பலகையில் என் பெயருக்குத் தங்க வண்ணம் பூசினார்கள், பால்கோவா கொடுத்தார்கள். மறுநாளே தி. நகரில் ஏஜென்ட் பிரமிளாவின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் எழுந்து நின்று வரவேற்றார். ஒப்பந்தத்தில் கைரேகை வைத்தேன்.

"ஷூட்டிங் எப்ப மேடம்?" என்று கேட்டேன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கு எதுக்குங்க ஷூட்டிங்?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "தொண்ணூத்தேழு வாங்கினவங்க நிழலி நூத்துக்கு மூணு இடத்துல பிசகும். அந்த மூணு இடத்துக்கு ஆளைக் கூப்பிட்டே ஆகணும். தயாரிப்பாளருக்கு அது ஒரு தலைவலி, ஆனா வேற வழியில்ல. உங்ககிட்ட அந்தத் தொல்லையே கிடையாது."

"ஒரு தடவைகூடக் கூப்பிட மாட்டாங்களா?"

"வந்து என்ன செய்வீங்க? அது செஞ்சதையேதான செய்வீங்க?"

"மேடை நாடகமாவது போடலாம்ல?"

"ஐயோ, இப்பதான கைரேகை வச்சீங்க! இனிமே அதுதான் அசல். நீங்க மேடையேறினா அது நகல், சட்டப்படி குத்தம்." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "தொண்ணூத்தேழுலயே ஏன் வரல நீங்க? நடிக்க ஆசைப்படுறவங்க அப்பவே வந்துருவாங்களே. அதுக்குத்தான அந்த எண்ணையே வச்சிருக்கு?"

"நூறுதான் நல்ல மார்க்குனு நினைச்சேன் மேடம்."

அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் கூடத்துக்குப் போய்க் கண்ணாடி அறைக்குள் நின்று வேண்டுமென்றே கெடுத்தேன். தம்பி செத்ததற்குக் கை தட்டினேன். திருடி என்றதற்குப் பாட்டுப் பாடினேன், தரையில் உருண்டேன். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால் நூறு. நான் கெடுக்க வருவேன் என்பதும், எப்படிக் கெடுப்பேன் என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது. என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

என் முதல் படம் ஆனியில் தொடங்கியது. கதாநாயகி நான்தான். அதாவது, அது. ஒரு சாயங்காலம் சவரிமுத்து போன் செய்தான்.

"அங்கை, இன்னைக்கு உன்கூடத்தான் நடிச்சேன். கூப்பிட்டுச் சொல்லணும்னு தோணுச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது டேக்ல வசனத்த மறந்துட்டேன். நீ... அது, என் தோள்ல கைய வச்சு, மெதுவா நான் விட்ட வரியையும் சேத்துச் சொல்லிருச்சு. யூனிட்டே கை தட்டுச்சு."

நானும் அப்படித்தான் செய்திருப்பேன். அதை அவனிடம் சொல்லவில்லை. அவனே மேலே கேட்டான்.

"எம்மேல கோவமா? நான் நடிக்கிறேன், நீ வீட்ல உக்காந்திருக்கேன்னு?"

இந்த முட்டாள் வசனம் மறந்தே பிழைத்துக்கொண்டானே என்று பொறாமையாக இருந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல சவரி. நீயாவது நல்லா நடி. எனக்கும் சேத்து நடி."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"என்னடா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்," என்றான். "மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல, சும்மா, அதுகிட்டயும் இதத்தான் கேட்டேன்."

அது என்ன சொன்னது என்று நான் கேட்கவில்லை.