வாய்க்காலுக்குப் போட்ட கல்

மாரிமழை விட்ட மறு ஞாயிறு, கரவெட்டிச் சனசமூக நிலையத்துக்காரர் பத்துப் பேர் மண்வெட்டியும் அலவாங்குமாக வயற்கரை நடைபாதையைத் திருத்த இறங்கினார்கள். சேறு மணத்தது. முன்னுக்கு நின்றவன் சிவதர்ஷன். நல்ல உழைப்பாளிதான், ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் மற்றவன் சொல்லு காதில் ஏறாது. அதுவும் அந்த மாதம் அவனுக்குக் கால் தரையில் படவில்லை. ஏழு வருஷம் கோயில், கிளினிக் என்று அலைந்த பிறகு மனைவி உதயகலா நிறைமாதமாக இருந்தாள்.

வெள்ளம் பாதையை அறுத்த இடத்தில், வாய்க்காலுக்குக் குறுக்கே போட ஒரு நீளக்கல் தேவைப்பட்டது. பக்கத்திலேயே சுமைதாங்கி நின்றது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைப் படுக்கவைத்திருந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சியாகவே செத்துப்போன ஒருத்தியின் வயிற்றுப் பாரம் இறங்கட்டும் என்று, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்க அவளுடைய சனம் கட்டியது அது.

கூட வந்தவர்களில் இளையவன் லோஜன் கையைப் பின்னுக்கு இழுத்தான். "வேண்டாம் அண்ணை. அவளின்ரை பாரத்தை உதுதான் தாங்கிக்கொண்டு நிக்குது."

"இப்ப ஆரடா தலையிலை சுமக்கிறது? எல்லாரும் மோட்டச்சைக்கிளிலை போறாங்கள். பிடி, தூக்கு!"

ஆறு பேர் பிடித்தும் கல் அசையவில்லை. பிறகு திடீரென்று காவோலை மாதிரி லேசாக எழும்பி வந்தது. அது ஒருவருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் போட்டார்கள்.

பத்து மணிக்கு உதயகலா தேத்தண்ணிக் கேத்தலோடு வந்தாள். வீட்டில் இரு என்றால் கேட்பவளா? அந்தக் கல்லில் முதல் கால் வைத்தவள் அவள்தான்.

கல்லின் நடுவில் நின்றாள்.

அப்படியே நின்றாள்.

"இஞ்சருங்கோ..." வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஆரோ என்ரை வயித்திலை கை வைக்கினம். குளிர்ந்த கை."

கேத்தல் வாய்க்காலுக்குள் விழுந்தது.

அன்றிலிருந்து அவளால் வாசற்படி ஏற முடியவில்லை. கிளினிக்கில் தராசு பத்துக் கிலோ கூடக் காட்டியது. பழுது என்று வேறொன்றில் நிறுத்தார்கள். அதுவும் அதையேதான் காட்டியது. ஸ்கானில் ஒரு பிள்ளைதான் தெரிந்தது.

"இல்லை. ரெண்டு கிடக்குது," என்று அவள் அழுதாள். "ஒண்டு துடிக்குது. மற்றது சும்மா கிடக்குது."

வியாழன் மத்தியானம் வலி கண்டது. மைத்துனி சுபாஜினியோடு அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, சிவதர்ஷன் லோஜனையும் நாலு பேரையும் இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினான். கல்லைக் கிளப்பிப் பழைய இடத்தில் ஏற்றினார்கள். இந்த முறை தோள்மூட்டுக் கழன்றுவிடும் பாரம். ஏற்றிய கையோடு மற்றவர்கள் போய்விட்டார்கள்.

அவன் கல்லைக் கட்டிப்பிடித்துக் கதறினான்.

"பிழை என்ரைதான், அம்மா. ரெண்டிலை ஒண்டை நீ எடுத்துக்கொள். மற்றதை எங்களுக்கு விட்டிடு."

காற்று நின்றது.

வயலில் நின்ற கொக்குகள் ஒன்றாக எழும்பிப் பறந்தன.

கைபேசி அடித்தது. சுபாஜினி.

"அத்தான்... பிறந்திட்டுது. அக்கா தப்பிட்டா."

"பிள்ளை?"

"அது..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அது இண்டைக்குச் செத்த பிள்ளை இல்லை, அத்தான். காய்ஞ்சு போய்க் கிடக்குது. எத்தினையோ வருஷத்து எலும்பு எண்டு டொக்டர் சொல்லுறார்."

தான் கேட்டது என்னவென்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. எதை எடு என்று அவன் சொல்லவில்லை. எந்தத் தாய்தான் செத்ததைத் தூக்கிக்கொண்டு உயிரோடு இருப்பதை விட்டுப் போவாள்?

கல்லுக்கடியில் ஒரு பச்சைக்குழந்தை வீரிட்டது.

முழங்காலில் விழுந்து இரண்டு கையாலும் துழாவினான். வெறும் புல். அழுகை மட்டும் அவன் கைகளுக்கு நடுவில் கேட்டது.

"ஓ... ஓ..." என்று அங்கேயே ஒரு பெண்குரல் தேற்றியது.

அழுகை நின்றது. பிறகு பால் குடிக்கும் சத்தம் கேட்டது.