பிடிமண் எடுக்காத பீடம்

சலவைக்கல் தரையில் மறுபடியும் ஈரக் கரிசல் அப்பிய காலடிகள். நாலு மாதமாக ஒரு பொட்டு மழையில்லை. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலையிலிருந்து மூன்று தடவை துடைக்கச் சொல்லிவிட்டான் மேனேஜர் வன்னியபெருமாள். துடைக்கத் துடைக்க இன்னும் கிட்டே வந்து, இப்போது அவன் அறை வாசலில் நின்றன. பெண்ணின் வெறுங்கால் தடங்கள். ஏசிக் குளிரிலும் ஊறி அழுகிய சோளத்தின் வாடை மூக்கில் ஏறியது.

கோவில்பட்டிக்கு மேற்கே பாழடைந்து கிடந்த ஜமீன் அரண்மனையை நட்சத்திர ஹோட்டலாக்கிய கெட்டிக்காரன் அவன். பின்கட்டில் இருந்த வெயிலுகந்தம்மாள் பீடம்தான் நீச்சல்குளத்துக்கு இடைஞ்சல். பசித்த பிள்ளைக்கு ஒரு பிடி சோளம் எடுத்ததற்காக, தானியக் குழிக்குள் உயிரோடு இறக்கி ஜமீன்தார் மூடிய பெண் அவள்; அந்தக் குழிமேல்தான் பீடம். அவளைக் கும்பிடும் குடும்பத்துச் சங்கரம்மாள் வந்து, பீடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போக வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொன்னாள். சரியென்று தலையாட்டிவிட்டு, அவள் பஸ் ஏறியதும் ஜேசிபியை விட்டான். அன்றைக்கு அது சாமர்த்தியமாகத் தெரிந்தது.

சங்கரம்மாளுக்குப் போன் போட்டான்.

"இப்ப கூப்புட்டு என்ன செய்ய, அண்ணாச்சி? நாங்க பிடிமண் எடுத்துட்டுப் போயிருந்தா, அந்த மண்ணோட வெயிலுகந்தம்மா எங்க ஊருக்கு வந்திருப்பாவ. நீரு அதுக்குள்ள இடிச்சிட்டீரு. இனி எந்தக் கையாவது மண்ணெடுத்தாத்தான் அவிய வெளிய வர முடியும்."

"யாரு கை?"

"உமக்குப் பிள்ள இருக்கா?"

கற்பகம். ஆறு வயது மகள். பள்ளி லீவு என்று கூட வந்தவள். அறைச் சோபாவில் படுத்திருந்தவளைக் காணவில்லை.

வாசலில் நின்ற காலடிகள் திரும்பியிருந்தன. பக்கத்தில் சின்னக் காலடிகள். பின்கட்டுப் பக்கம் போயின.

ஓடினான். உச்சிவெயில். ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. பீடம் இருந்த இடத்தில் கரிசல் வெடித்துக் கிடந்தது. கற்பகம் குப்புறப் படுத்திருந்தாள். வலது கை தோள்வரை வெடிப்புக்குள்.

"ஏட்டி! கைய எடு!"

"ஒரு பிடி மண்ணு கேட்டாவ, அப்பா. கையப் பிடிச்சுக்கிட்டாவ. விட மாட்டுக்காவ."

இடுப்பைக் கட்டி இழுத்தான். தோள் வந்தது. முழங்கை. மணிக்கட்டு. பிஞ்சு விரல்களைக் கோத்தபடி இன்னொரு கை. நகமெல்லாம் தேய்ந்த கை. அதன் பின்னால் சோளம் அப்பிய கூந்தல்.

அலறிப் பிடியைத் தளர்த்தினான். கற்பகத்தின் தலை வெடிப்புக்குள் போனது.

"அப்பா!"

இழுத்தான். மகள் வந்தாள். கூடவே, சோளம் அப்பிய அந்தக் கூந்தலுக்குக் கீழே நெற்றி வந்தது. கண்கள். அவனையே பார்த்தன.

விட முடியாது.

இழுத்தான். வாய் வந்தது, சிரித்தபடி.