சிட்டு என்றொரு இணைப்பு

வைஃபை பெட்டியின் பிளக்கை அவளே பிடுங்கிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து இணைப்பு வருவதும் அறுவதுமாக இருந்ததால், கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டால் சரியாகும் என்று நினைத்திருந்தாள். மழை விட்ட சாயங்காலம். உலராத துணிகளின் புழுங்கிய வாடை கூடம் முழுக்க நின்றது, மடியில் லேப்டாப்பின் விசிறி மெல்ல இரைந்துகொண்டிருந்தது, உள்ளே படுக்கையறையில் இரவு வேலைக்குப் போகவேண்டிய கணவன் திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டு தூங்கினான். பக்கத்தில் வீடுகள் இல்லை. பெட்டி அணைந்திருக்கும்போது இணைப்புகளின் பட்டியல் காலியாக இருக்கவேண்டும். காலியாக இல்லை. ஒரே ஒரு பெயர் இருந்தது. சிட்டு.

சிட்டு என்பது அவனுடைய முதல் மனைவியின் செல்லப்பெயர். விபத்தில் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. இந்த லேப்டாப்பும் மூத்தாளுடையதுதான். "நல்லா ஓடுற பொருள எதுக்கு வீணாக்கணும்" என்று அவன் நீட்டியபோது, வேண்டாம் என்றால் பொறாமை என்று நினைப்பானே என்று வாங்கிக்கொண்டாள். பொறாமைதான். அதை மூடி மறைக்க என்ன இருக்கிறது? சுவரின் நிறம் மூத்தாள் தேர்ந்தெடுத்தது. அடுப்பு மூத்தாள் வாங்கியது. உயிரோடு இருக்கும் சக்களத்தி என்றால் நாலு வார்த்தை கேட்டுவிடலாம், செத்தவளோடு யார் மல்லுக்கட்டுவது? அவளுக்குச் செல்லப்பெயர் வேறு. இவளை அவன் "இங்க பாரு" என்றுதான் கூப்பிடுவான்.

வீட்டு வைஃபை மக்கர் செய்தால் மூத்தாள் தன் செல்போனிலிருந்தே லேப்டாப்புக்கு இணைப்பு கொடுத்துக்கொள்வாள் என்று அவன் ஒருநாள் சொல்லியிருந்தான். அந்தச் செல்போனின் பெயர்தான் இது. வயிறு எரிந்தது அவளுக்கு.

லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, விண்டோஸ்ல போய்ப் பாத்தா, இந்த இணைப்ப வேற மென்பொருள் பாத்துக்குதுன்னு வருது. பக்கத்துலயே பச்சையா இன்னொரு குறி நிக்குது."

"அது லேப்டாப் செஞ்ச கம்பெனிக்காரன் கூடவே போட்டு அனுப்புற சாஃப்ட்வேர்மா. அது வைஃபைய புடிச்சுக்கிட்டா விண்டோஸ் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். சில சமயம் ரெண்டுமே நான்தான் பாப்பேன்னு கிளம்பிடும், அப்பதான் இப்படி அறுந்து அறுந்து வரும். ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்குமா? யாராவது ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சிடு."

"கம்பெனியோடத எடுத்துடவா?"

"எடுக்கலாம். ஆனா அதுக்குள்ள என்னென்ன செஞ்சு வச்சிருக்காங்கன்னு முதல்ல ஒரு தடவ பாத்துக்க. கடையில ஆள் நிக்குது, அப்புறம் கூப்பிடறேன்."

பார்த்தாள். கம்பெனி மென்பொருளில் வீட்டு இணைப்பின் பெயர் கீழே ஓரமாகக் கிடந்தது. தலைமாட்டில் சிட்டு. பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு சிவப்பு வட்டம், நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி. பேருக்குக்கூடப் பொட்டு வைத்துப் பூஜிக்கிறான் மனுஷன் என்று நினைத்ததுதான் தாமதம், அவள் வேறெதையும் படிக்கவில்லை. நீக்கு என்பதை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. நூறு தடவை நிச்சயம் என்று வாய்விட்டே சொன்னாள்.

லேப்டாப் அணைந்து மறுபடி உயிர்பெற்றது. பச்சைக் குறி போயிருந்தது. வைஃபை இனி விண்டோஸின் பொறுப்பு. அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. அதற்குள் திரையின் மூலையில் ஒரு வரி எழுந்தது.

சிட்டு. இணைக்கப்பட்டது.

கடவுச்சொல் கேட்கவில்லை.

அப்படியானால் அந்தப் போன் இந்த வீட்டில்தான் இருக்கிறது. அணையாமல் இருக்கிறது. இவள் குளிக்கப் போகும்போதும் கடைக்குப் போகும்போதும் எடுத்து சார்ஜ் போட்டு, பழைய படங்களைப் பார்த்து உருகிவிட்டு, திரும்ப ஒளித்து வைக்கிறான். பூனை மாதிரி இருந்துகொண்டு என்ன வேலை பார்த்திருக்கிறான்! இன்றைக்கு அதைக் கண்டுபிடித்து அவன் முகத்துக்கு நேரே வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

லேப்டாப்பைத் தட்டு ஏந்துவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். போன் பக்கத்தில் இருந்தால் இணைப்பின் கோடுகள் ஏறும், தள்ளிப் போனால் இறங்கும். சமையலறையில் இறங்கின. வாசல் பக்கம் ஒரே கோடுதான் மிஞ்சியது. குளியலறையைத் தாண்டி நடைக்குள் திரும்பியதும் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. அவளுக்கு ஆச்சரியமே இல்லை. வேறெங்கே வைப்பான்? படுக்கையறையில்தான் வைப்பான்.

கதவருகே வந்தபோது அண்ணன் கூப்பிட்டான். லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"உள்ள என்ன இருந்துச்சும்மா?"

"அவளோட பேருதான். பக்கத்துல ஒரு சிவப்பு வட்டம்."

"சிவப்பு வட்டமா? அப்ப யாரோ வேணும்னே தடுத்து வச்சிருக்காங்க. அந்தப் பேரு எப்ப வந்தாலும் உள்ள விடாதேன்னு அர்த்தம். மாப்பிள்ளதான் செஞ்சிருப்பாரு, உன்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி. அத அப்படியே விட்டிருக்கலாம். எடுத்துட்டியா?"

அவள் போனை அணைத்தாள்.

தடுத்து வைத்திருந்தான். இவளுக்காக. கழுத்து வரை வெட்கம் ஏறியது, அதோடு இத்தனை நாளில் இல்லாத ஒரு பிரியமும் வந்தது. அவனை எழுப்பிச் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. கதவைத் தள்ளினாள்.

உள்ளே அரை இருட்டு. போர்வையின் வெதுவெதுப்பான வாடை. அவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான்.

"ஏங்க, அவ போன் எங்க இருக்கு?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் வார்த்தைகள் ஒட்டி ஒட்டி வந்தன. "போனா... அவ கையிலதான். விரலப் பிரிக்க முடியல... அப்படியே சேத்துத்தான் புதைச்சோம்."

மறுபடி குறட்டை.

லேப்டாப்பின் விசிறி இரைச்சலைக் கூட்டியது. அவள் அதை அலமாரி பக்கம் திருப்பிக் கொண்டுபோனாள். கோடுகள் இறங்கின. ஜன்னல் பக்கம். இறங்கின. கட்டில் பக்கம். ஏறின. அவன் தலைமாட்டில் ஒன்று குறைந்தது. தினமும் அவள் படுக்கிற பக்கத்தில் நிறைந்தன.

அங்கே போர்வை மேடாக இருந்தது.

தலையணையாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டு தலையணைகளும் தலைமாட்டில் இருந்தன. மேடு மெல்ல எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது. அவனுடைய மூச்சோடு சேரவில்லை. அது தனி மூச்சு.

ஓடியிருக்கலாம். கால்கள் ஓடத்தான் துடித்தன. ஆனால் அது அவளுடைய இடம். அவளுடைய போர்வை. அந்த மேட்டின்மேல் அவன் கை கிடந்த விதம், அவ்வளவு லேசாக, அவ்வளவு பழக்கமாக. தன்மேல் அந்தக் கை ஒருநாளும் அப்படிக் கிடந்ததில்லை. பயத்தை முந்திக்கொண்டு வயிறு எரிந்தது.

லேப்டாப்பைத் தரையில் வைத்தாள். போர்வையின் நுனியைப் பிடித்தாள். இழுத்தாள்.

யாரும் இல்லை.

மெத்தை மட்டும் நீளமாக அழுந்திக் கிடந்தது. தலையணையில் ஒரு பள்ளம். அவன் கை கீழே விழவில்லை. ஒரு பெண்ணின் இடுப்பு இருக்கும் உயரத்தில், வெறும் காற்றின்மேல், அப்படியே கிடந்தது. மூச்சுக்கு மூச்சு ஏறியது. இறங்கியது.

"சிட்டு" என்றான் அவன், தூக்கத்தில் சிரித்தபடி.

மூச்சு நின்றது. கை அசையாமல் நின்றது.

பிறகு தலையணையின் பள்ளம், மெதுவாக, அவள் பக்கம் திரும்பியது.