வெள்ளிக் கைக்கு யார் நகம் வெட்டுவது?

அந்தச் சனிக்கிழமை காலையில் அப்பா எங்கள் ஷார்ஜா வீட்டுப் பால்கனியில் செய்தித்தாளை விரித்து, தம்பி விஷாலுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வலது கை முடிந்திருந்தது. இடது கையைப் பிடித்தபோது போன் அடித்தது.

“கான்கிரீட் வண்டி வந்துடுச்சாம். நான் சைட்டுக்குப் போகணும்,” என்றார் அப்பா.

“இன்னிக்கு லீவுன்னு சொன்னீங்க!” விஷால் இடது கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தான்.

“மீதிய வந்து வெட்டறேன்டா கண்ணா.”

“ராத்திரி நகம் வெட்டினா அம்மா திட்டுவாங்க.”

“விளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடறேன். போதுமா?”

அப்பா நகத்துண்டுகள் சிந்தாமல் செய்தித்தாளை மடித்தார். குப்பைத் தொட்டியில் போட்டார். போய்விட்டார்.

மதியம் சைட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. விஷாலுக்கு ஆறு. திருச்சியிலிருந்து மாமா வந்தார். அப்பாவின் சாம்பலையும் எலும்புகளையும் ஒரு சின்னக் கலயத்தில் கட்டி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். காவிரியில் கரைத்துவிட்டேன் என்று போனில் சொன்னார். அம்மாவுக்கு ஷார்ஜாவிலேயே வேலை இருந்ததால் நாங்கள் மூவரும் அதே வீட்டில் இருந்தோம்.

துக்க நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் நகம் வெட்டக் கூடாது. அதனால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, அம்மா நகவெட்டியை எடுத்துக்கொண்டு விஷாலைக் கூப்பிட்டார்.

விஷால் சமர்த்தாக வலது கையை நீட்டினான். அம்மா வெட்டினார்.

“அடுத்த கை.”

இடது கை கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது.

“அது அப்பா வெட்டறது,” என்றான் விஷால்.

“உன் கைதானேடா?”

“என் கைதான். ஆனா அப்பா வந்து வெட்டறேன்னு சொல்லிட்டுத்தானே போனாரு? நீங்க வெட்டிட்டா, அவர் எதுக்கு வருவாரு?”

 அம்மா நகவெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

விஷாலின் வலது கை எல்லோருடைய கையையும் போல இருந்தது. இடது கை வளர்ந்துகொண்டே போனது. அந்தக் கையால் ஆரஞ்சுப் பழத்தை ஒரே நிமிடத்தில் உரித்தான். மாமா அனுப்பிய பார்சலைக் கத்தரிக்கோல் இல்லாமலே பிரித்தான். வகுப்பில் அவனுக்குப் ‘பாதிப் புலி’ என்று பெயர் வைத்தார்கள். அவனும் முதலில் பெருமையாகத்தான் திரிந்தான்.

தூங்கும்போது வெட்டிவிடலாமா என்று நான் ஒரு தடவை யோசித்தேன். ஆனால் காலையில் எழுந்து கையைப் பார்த்துவிட்டு அவன் என்னிடம் என்ன கேட்பான் என்று நினைத்தேன். விட்டுவிட்டேன். எப்படியும் அவன் அந்தக் கையை மூடி, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்கினான்.

டிசம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை, பள்ளிப் பேருந்தின் சீட் பெல்ட்டில் மாட்டி அவனுடைய ஆள்காட்டி விரல் நகம் கிழிந்தது. ரத்தம் வந்தது. வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை எங்களுக்கு வார விடுமுறை. நகம் வெட்டாமல் திங்கட்கிழமை வரக் கூடாது என்று டீச்சர் சொல்லி அனுப்பினார்.

“ஞாயித்துக்கிழமை நான் பிடிச்சு வெட்டத்தான் போறேன். ஸ்வாதி, நீ அவன் காலைப் பிடிச்சுக்கோ,” என்றார் அம்மா. 

 விஷால் கத்துவான், உதைப்பான். நகம் போய்விடும். கூடவே அவன் காத்துக்கொண்டிருக்கும் அப்பாவையும் நாங்கள்தான் பிடுங்கிக்கொண்டோம் என்று நினைத்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் எனக்கு ஏதாவது தோன்ற வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர் வீட்டு சிர்வார்த் ஆன்ட்டி ஒரு தட்டு நிறைய திராட்சை இலைச் சுருள்களுடன் வந்தார். உள்ளே அரிசி வைத்துச் சுருட்டியது. அவர்கள் ஆர்மேனியர்கள், பெய்ரூட்டிலிருந்து வந்தவர்கள். அவருடைய மகள் நாரே என் வயதுதான். எங்கள் இரண்டு வீடும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்ளும். இங்கே நான் தமிழில் எழுதுகிறேன்.

“கறி இல்லை, முட்டை இல்லை, பால்கூட இல்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் எங்களுக்கு நோன்புக் காலம். நீங்க தைரியமா சாப்பிடலாம்,” என்றார் ஆன்ட்டி.

“கிறிஸ்துமஸுக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே?” என்றேன்.

“உங்க ஸ்கூல் கிறிஸ்துமஸுக்கு,” என்றாள் நாரே சோகமாக. “எங்களுக்கு ஜனவரி ஆறாம் தேதி. அதுவரைக்கும் சாக்லேட்டைப் பார்த்தாலே என் அம்மா முறைப்பாங்க.”

ஆன்ட்டி வந்த விஷயம் வேறு. பெய்ரூட்டிலிருந்து ஒரு புனிதரின் திருப்பண்டம் அவர்கள் தேவாலயத்துக்கு வந்திருந்தது. அந்தப் புனிதரின் பெயர் யாக்கோபு. மிகப் பழைய காலத்தவர். அவருடைய எலும்பின் சிறு துண்டு ஒன்றை வெள்ளியில் செய்த கை ஒன்றுக்குள் வைத்திருக்கிறார்களாம். மறுநாள் அவருடைய திருநாள்.

“கையா?” விஷால் சோபாவின் பின்னாலிருந்து தலையை நீட்டினான். “நிஜமாவே கை மாதிரியா? விரல் எல்லாம் இருக்குமா?”

“அஞ்சு விரலும் இருக்கும்,” என்றாள் நாரே.

“நீங்களும் வாங்க நளினி,” என்றார் ஆன்ட்டி அம்மாவிடம்.

அம்மா தயங்கினார். “எங்க வீட்டுல சாவு நடந்து இன்னும் வருஷம் திரும்பல. நாங்க கோயிலுக்குள்ள வரக் கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க.”

நாரேவுக்கு அது புரியவில்லை. “ஆனா ஆன்ட்டி, எங்க கோயில்ல செத்துப்போனவரே உள்ளதான் இருக்காரு!”

“நாரே!” என்று அதட்டினார் சிர்வார்த் ஆன்ட்டி.

அம்மா சிரித்துவிட்டார். அப்பா போன பிறகு அம்மா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. ஆனால், “நான் வரல. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க,” என்றார்.

சனிக்கிழமை காலை ஆன்ட்டியின் காரில் போனோம். தேவாலயத்தின் படி வந்ததும் நானும் விஷாலும் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனோம். பளிங்குத் தரை சில்லென்று இருந்தது. அப்புறம்தான் பார்த்தேன், எல்லோரும் ஷூவோடு நின்றார்கள். நாரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“பரவாயில்லை. எங்க பெரியம்மா ஒருத்தங்க உங்களைப் பார்த்து அவங்களும் கழட்டிட்டாங்க. இன்னிக்கு ஏதோ விசேஷம்னு நினைச்சுட்டாங்க போல.”

ஆன்ட்டி என் தலையில் ஒரு வெள்ளை லேஸ் துணியைப் போட்டார். உள்ளே சாம்பிராணிப் புகை. கண்ணை மூடிக்கொண்டால் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை மாதிரியே இருந்தது. எல்லோரும் சேர்ந்து ஏதோ பாடினார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனாலும் அது வேகமாகப் பாட முடியாத பாட்டு என்று தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் கூட்டம் வரிசையானது. முன்னால் கறுப்பு அங்கி போட்ட பாதிரியார் நின்றார். அவரை அங்கே ‘தெர் ஹாயர்’ என்று கூப்பிடுவார்கள். அவர் இரண்டு கைகளாலும் அந்த வெள்ளிக் கையைப் பிடித்திருந்தார். முழங்கை வரை இருந்தது. உள்ளங்கைக்குக் கீழே சின்னக் கண்ணாடி. அதற்குள் பழுப்பாக ஏதோ தெரிந்தது.

ஒவ்வொருவராகக் குனிந்து அந்தக் கண்ணாடியை முத்தமிட்டார்கள். பிறகு தெர் ஹாயர் வெள்ளிக் கையை உயர்த்தி, அவர்கள் தலைக்கு மேலே சிலுவை போட்டார்.

விஷால் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “அக்கா, நம்ம மாமா அப்பாவோட எலும்பை ஆத்துல விட்டுட்டாரு. இவங்க மட்டும் ஏன் வச்சிருக்காங்க?”

“நம்ம வழக்கம் அது. இவங்க வழக்கம் இது.”

“இது நல்ல வழக்கம்,” என்றான் அவன்.

 வரிசை நகர்ந்தது.

எங்கள் முறை வந்தது. நான் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எனக்கு அப்படித்தான் தெரியும். தெர் ஹாயர் என் தலைக்கு மேலேயும் சிலுவை போட்டார்.

விஷால் அசையாமல் நின்று அந்த வெள்ளிக் கையையே பார்த்தான். அதன் விரல்களில் நகங்கள்கூடச் செதுக்கியிருந்தார்கள். பிறகு, பல நாட்களாகப் பையை விட்டு வெளியே வராத அவனுடைய இடது கை மெதுவாக வெளியே வந்தது. வெள்ளிக் கையின் பக்கத்தில் அதை நிறுத்தி அளந்து பார்த்தான்.

“இவருக்கு யார் நகம் வெட்டறாங்க?” என்று கேட்டான், நல்ல சத்தமாக.

பின்னால் யாரோ சிரித்தார்கள். தெர் ஹாயருக்கும் மீசை அசைந்தது. பிறகு அவர் விஷாலின் நகங்களைப் பார்த்தார். கிழிந்த ஆள்காட்டி விரலையும் பார்த்தார்.

“உனக்கு யார் வெட்டறாங்க?”

“எங்க அப்பா.”

தெர் ஹாயர் சிர்வார்த் ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டி ‘இல்லை’ என்று லேசாகத் தலையை ஆட்டினார்.  தெர் ஹாயர் வெள்ளிக் கையை உயர்த்தி, விஷாலின் தலைக்கு மேலே மற்றவர்களுக்குச் செய்ததைவிட நிதானமாகச் சிலுவை போட்டார்.

நாங்கள் ஓரமாகப் போய் நின்றோம். வரிசை இன்னும் முடியவில்லை. தெர் ஹாயர் கையைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்தார்.

“அது ரொம்ப கனமாம்,” என்று கிசுகிசுத்தாள் நாரே. “நேத்தும் தூக்கினதுல ராத்திரி பூரா அவருக்குத் தோள்வலி. எங்க அம்மாதான் தைலம் கொடுத்து அனுப்பினாங்க.”

“அப்ப ஆசீர்வாதம் பண்றது யாரு?” என்றான் விஷால். “இவரா, அந்தக் கையா?”

நாரே யோசித்தாள். “கைதான். ஆனா அது தானா எழும்பாதே. யாராவது தூக்கிப் பிடிக்கணும்.”

விஷாலுக்கு அது போதுமானதாக இருந்தது. அவன் மெழுகுவர்த்திகளைப் பார்க்கப் போய்விட்டான். நான் மட்டும் அங்கேயே நின்று, அந்த வெள்ளிக் கையையும் அதைப் பிடித்திருந்த இரண்டு வயதான கைகளையும் வரிசை முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது நல்ல வெயில். நான் பால்கனியில் செய்தித்தாளை விரித்தேன். நகவெட்டியை எடுத்து வந்தேன்.

விஷால் பார்த்துவிட்டான். கை பைக்குள் போனது. “மாட்டேன்! அப்பாதான் வெட்டணும்!”

“நான் வெட்டல. அம்மாவும் வெட்டல. ஒரு நிமிஷம் உட்காரேன்.”

சந்தேகத்தோடு உட்கார்ந்தான்.

“உன் வலது கையைக் காட்டு. இதை அன்னிக்கு யார் வெட்டினாங்க?”

“அப்பா.”

“அப்ப இது அப்பா கட்சி. சரியா?”

அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “சரி.”

“அப்பாவால வர முடியாதுடா விஷால். வரணும்னுதான் நினைச்சாரு. முடியல.” இதை நான் அதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. “அதனால அப்பா கட்சிக் கையே மீதி வேலையை முடிக்கட்டும். அது சின்னக் கை, நகவெட்டி இறுக்கமா இருக்கு. நான் கீழேருந்து தூக்கிப் பிடிச்சுக்கறேன். அந்தத் தெர் ஹாயர் மாதிரி.”

விஷால் தன் வலது கையையே பார்த்தான். கீழே ஒரு லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. அது நின்றது.

“உனக்குத் தோள் வலிச்சா என்ன பண்ணுவ?” என்றான் கடைசியில்.

“சிர்வார்த் ஆன்ட்டிகிட்ட தைலம் இருக்கு.”

இடது கை வெளியே வந்தது.

நகவெட்டியை அவனுடைய வலது கையில் வைத்து, அந்தக் கையை என் கையில் தாங்கிக்கொண்டேன். கட்டைவிரலுக்குக் கொண்டுபோனேன்.

“அங்கே இல்லக்கா,” என்றான் விஷால். “அப்பா சுண்டுவிரல்லேருந்துதான் ஆரம்பிப்பாரு. உனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியும். மறந்திருந்தேன்.

சுண்டுவிரலில் தொடங்கினோம். டிக். மோதிரவிரல். டிக். கிழிந்த ஆள்காட்டி விரல் வந்தபோது இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சமையலறை வாசலில் அம்மா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. உள்ளே பருப்பு தீயும் வாசனை வந்தது. அவர் நகரவில்லை.

கட்டைவிரல் முடிந்ததும் விஷால் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தான். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. அப்போதுதான் அவன் அழ ஆரம்பித்தான். அப்பா போன நாளிலிருந்து அவன் அழவே இல்லை. அம்மா வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், தரையில், கரண்டியோடு உட்கார்ந்துகொண்டார். மூன்று பேரும் அழுதோம். அன்று கருகின பருப்பைத்தான் சாப்பிட்டோம். விஷால் இரண்டாம் முறை சாதம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், பாதிப் புலி எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்களாம். “லீவுல போயிடுச்சு,” என்று சொல்லியிருக்கிறான்.

அந்த வெள்ளிக் கை ஜனவரியில் பெய்ரூட்டுக்குத் திரும்பிப் போனது. விஷாலுக்கு இப்போது ஒன்பது வயது. தன் நகத்தை யார் துணையும் இல்லாமல் தானே வெட்டிக்கொள்கிறான். நானும் அம்மாவும்கூட இப்போது அவனைப் போலத்தான் வெட்டுகிறோம்.

அப்பா ஏன் அந்த விரலிலிருந்து தொடங்கினார் என்று நாங்கள் யாரும் அவரைக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் நகம் வெட்டுவது இன்றைக்கும் சுண்டுவிரலிலிருந்துதான் தொடங்குகிறது.