சூடு ஆறாத மேஜைகள்

மூன்றாவது மேஜையில் இருந்த மவுஸ் வெதுவெதுப்பாக இருந்தது.

அந்த மேஜைக்காரர் காய்ச்சல் என்று நாலு நாளாக வரவில்லை. வாசலில் கடைசி ஆள் வணக்கம் சொல்லிப் போய் அரை மணி நேரமாகிறது. ஆனாலும் அந்தச் சூடு, இப்போதுதான் யாரோ கையை எடுத்த மாதிரி அவள் உள்ளங்கையில் ஏறியது. கையை விலக்க ஒரு நொடி அவளுக்கு மனம் வரவில்லை.

அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துப்புரவு ஆட்கள் மேலே வருவதற்குள் ஒவ்வொரு மேஜையாகப் போய் மவுஸை அசைத்துப் பார்த்து, திறந்து கிடக்கும் திரைகளைப் பூட்ட வேண்டும். இந்த வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். சீக்கிரம் வீட்டுக்குப் போய்த்தான் என்ன ஆகப்போகிறது? காலையில் குடித்து வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே காய்ந்து கிடக்கும்.

திரை விழித்துக்கொண்டது. யாரோ ஒரு வாடிக்கையாளரின் விவரம் பளிச்சென்று திறந்திருந்தது. அவசரமாகப் பூட்டிவிட்டு நாலாவது மேஜைக்குப் போனாள். அந்த மவுஸும் சூடு. அங்கேயும் திரை திறந்திருந்தது.

கீழே போன் போட்டாள்.

"மேல யாராச்சும் வந்தீங்களாம்மா?"

"இல்லக்கா. நீங்க பூட்டிட்டேன்னு சொல்லாம நாங்க எப்படி வருவோம்? போன மாசம் பட்டது போதாதா?" என்றாள் துப்புரவுக்காரப் பெண்.

"சும்மாதான் கேட்டேன். வை."

போன மாதம் ஒரே ஒரு திரையைப் பூட்ட மறந்தது பூட்டக்காதான். அதிலிருந்த வாடிக்கையாளர் விவரம் வெளியே போனபோது பழி அந்தத் தளத்தைப் பெருக்கியவள் தலையில் விழுந்தது. அவள் அழுதுகொண்டே படியிறங்கிப் போனாள். பூட்டக்கா வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இப்போது பையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் ஐந்தாவது மேஜைக்கு நடந்தாள்.

ஏசி நின்ற கூடத்தில் தரைவிரிப்பின் புழுக்க வாடையும், யாரோ மிச்சம் வைத்த தேநீரின் புளித்த வாடையும் கலந்து கிடந்தன. ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்குகள் அவள் தாண்டி வந்த வரிசைகளில் ஒவ்வொன்றாக அணைந்தன. அவள் போய்ச் சேராத கடைசி வரிசையில், ஒரு விளக்கு தானாக எரிந்தது.

"யாரு சார் அங்க?"

ஆறாவது மேஜையையும் பூட்டிவிட்டு நகர்ந்தாள்.

ஏழாவது மேஜையின் மவுஸ் இன்னும் சூடாக இருந்தது. எட்டாவதில் நாற்காலியின் பஞ்சு, ஆள் எழுந்த பள்ளத்திலிருந்து மெல்ல உப்பிக்கொண்டிருந்தது. ஸ்ஸ்ஸ் என்று ஒரு காற்று. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பள்ளம் நிரம்பியது. பக்கத்து நாற்காலி அமுங்கியது.

அந்த ஒன்பதாவதுதான் கடைசி மேஜை.

அதன் திரையும் திறந்திருந்தது. எழுத்துகள் பளபளத்தன. கீழே வாளிகள் மோதும் சத்தம். பூட்டியாச்சு என்று அவள் இன்னும் சொல்லவில்லை, ஆனாலும் துப்புரவு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். இன்னும் இரண்டு நிமிஷத்தில் வந்துவிடுவார்கள். அதற்குள் பூட்டியாக வேண்டும்.

நாற்காலியைப் பார்க்காமல் கையை நீட்டினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மவுஸின் மேல் கை வைத்தாள்.

மவுஸ் இல்லை.

விரல்கள். முட்டிகள். நகம். அவள் கைக்கு அடியில் ஒரு கை. அது அசங்காமல் இருந்தது. பிறகு நிதானமாகத் திரும்பி, அவள் விரல்களுக்கிடையில் தன் விரல்களைக் கோத்துக்கொண்டது.

இழுத்தாள். விடவில்லை.

கத்த வாயெடுத்தாள். வெறும் காற்றுதான் வந்தது. படியில் காலடிகள். திரை இன்னும் திறந்தே இருந்தது. இடது கையால் விசைப்பலகையைத் தடவினாள். பூட்டிவிட்டால் போதும். இரண்டே விசைகள்.

விசைகளின் மேல் இன்னொரு கை, உள்ளங்கையை விரித்து, காத்துக்கொண்டிருந்தது.