பக்கத்துப் பெட்டியில் ஒரு பூஜ்யம்

"ஏட்டி... என்ன காரியம் செஞ்ச?"

மழையில் நனைந்த தலையோடு கல்லூரி லேபுக்குள் ஓடி வந்தவன் போட்ட சத்தத்தில் அபினா திடுக்கிட்டு எழுந்தாள். ஆளில்லாத கம்ப்யூட்டர் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தாள். கட்டளை தட்டும் பெட்டி முழுக்க யாருடைய எண்களோ நிறைந்து கிடக்க, திரையைத் துடைக்கச் சொல்லி ஒரு கட்டளை தட்டினாள். அவ்வளவுதான்!

"குளச்சல் கடல்ல எங்கப்பா வள்ளத்துல போய் அளந்த அலை உயரமாக்கும்... சேவ் பண்ணல. மத்தியானம் புராஜெக்ட் ரிவ்யூ. எல்லாம் போச்சு!"

அந்தக் கண்கள்... பஸ் கூட்டத்துக்கு நடுவே தினமும் அவளைத் தேடிக் கண்டுபிடித்ததும் சட்டென்று தாழ்ந்துகொள்ளும் அதே கண்கள்! சிவில் கடைசி வருஷம் லிபின். இன்று அவை கலங்கியிருந்தன.

பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது அவளுக்கு.

"மொதல்ல ஏட்டின்னு விளிக்கத நிறுத்துங்க. சேவ் பண்ணாம எழும்பிப் போனது நீங்க!"

பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசல்வரை போய்விட்டாள். திரும்பிப் பார்த்தால், தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அவளுடைய ரோஷம் போன இடம் தெரியவில்லை.

வந்து, அதே திரையில் மூடிக் கிடந்த பக்கத்துப் பெட்டியைத் திறந்தாள்.

"நான் தொடச்சது வெறும் எழுத்தத்தான். வேரியபிள், அதான் நீங்க பேரு குடுத்து வச்ச எண்ணு எல்லாம் இந்த வொர்க்ஸ்பேஸ்ல அப்பிடியே கெடக்கு... பாருங்க."

அலைகள் ஒன்றுகூடக் குறையவில்லை. லிபினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதல் வேலையாக சேவ் செய்தான்.

"கூட்டுக்காரன் சொல்லித் தந்தத அப்பிடியே தட்டுனேன். இது தெரியாது... அங்க தட்டுனா இங்கயும் வருமா?"

"வரும். இங்க மாத்துனா அங்கயும் மாறும். ரெண்டுக்கும் ஒரே மனசாக்கும்."

"சத்தம் போட்டதுக்கு மன்னிச்சிரு அபினா... எல்லாரையும் போல அண்ணான்னு மட்டும் விளிச்சிராத."

"என் பேரு எப்பிடித் தெரியும்?"

அவன் காது சிவந்தது. கட்டளைப் பெட்டியில் 'சம்மதம்' என்று ஒரு வேரியபிள் தட்டி, பூஜ்யம் வைத்தான். பக்கத்துப் பெட்டியில் உடனே அது வந்து நின்றது.

"தெனமும் பஸ்ல ஒன்னத்தான் பாக்கேன். எனக்கு ஒன்னப் பிடிச்சிருக்கு. இஷ்டமில்லன்னா... அது பூஜ்யமாவே இருக்கட்டு."

வெளியே மழை வலுத்தது. அபினாவுக்குக் கன்னம் சுட்டது... இதைக் கேட்க இவனுக்கு இத்தனை நாளா! அவன் முகத்தைப் பாராமல், பக்கத்துப் பெட்டியில் அந்த வரியைத் திறந்து எதையோ மாற்றினாள். திரையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப 'சம்மதம்'னு உங்க பெட்டில தட்டிப் பாருங்க... லிபின்."

தட்டினான். ஒன்று என்று வந்தது.