சுவருக்குள் ஓடும் வெந்நீர்

வீட்டில் எந்தக் குழாயும் திறந்திருக்கவில்லை. ஆனாலும் குளியலறைச் சுவரில் தொங்கிய ஹீட்டர் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு, நீலச் சுடர் குப்பென்று பற்றிக்கொண்டது. பல் துலக்கிக்கொண்டிருந்த மூத்தவள் நுரை வழியும் வாயோடு நிமிர்ந்து பார்த்தாள். சற்று நேரம் எரிந்தது. பிறகு, யாரோ குளித்து முடித்துக் குழாயை மூடியதுபோல அணைந்தது.

வெந்நீர்க் குழாயைத் திருகி ஒரு வாய் பிடித்துக் கொப்பளித்தாள். நாக்கில் ஏதோ வழுவழுவென்று ஒட்டியது. விரலால் வழித்தெடுத்தாள். பாலேடு போல மெல்லிய, வெளுத்த சவ்வு. தேய்த்தால் கரையவில்லை, கழுத்தைத் தேய்க்கும்போது திரண்டு வருமே அழுக்கு, அப்படி உருண்டது.

அவளுக்கு வேலை பரிசோதனைக் கூடத்தில். அடுத்தவர் சளியையும் மலத்தையும் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவியதும் கூசாமல் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பவள். அவளே விரலை உதறி உதறிக் கழுவினாள்.

உள்ளறையில் தங்கை காய்ச்சலோடு சுருண்டு கிடந்தாள்.

"ஹீட்டர் தானா எரியுதுடி."

"எரிஞ்சா எரியட்டும். உன்னை மாதிரி அதுக்கும் மூக்கு மேல கோபம்."

"வெந்நீர்ல ஒரு வாடை அடிக்குதே, உனக்குத் தெரியலையா?"

"மூக்கே அடைச்சுக் கிடக்கு, இதுல வாடை வேறயா! அந்தத் தண்ணியிலதானே ஆவி பிடிக்கிறேன். இதமா இருக்குக்கா."

தங்கை தலையில் போர்த்திய துண்டுக்குள் மூச்சை இழுத்து இழுத்து ஆவி பிடித்தது மூத்தவளின் நினைவுக்கு வந்தது.

அன்று மாலை, மழை இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் பிளம்பர் வந்தார். வாய் ஓயாத மனிதர். பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு, ஏதோ சொந்தப் பிள்ளையை அறிமுகப்படுத்துவதுபோல் காட்டினார்.

"இதுல தொட்டி கிடையாதும்மா. தண்ணி தேங்க இடமே இல்ல. குழாயைத் திறந்தா தண்ணி ஓடும், ஓடுற வேகத்துல இந்தக் குட்டிச் சக்கரம் சுத்தும், அது சுத்தினாதான் கேஸ் பத்தும். செப்புச் சுருளுக்குள்ள போற நேரத்துலயே சூடாகிடும். குழாயை மூடினா அணைஞ்சிடும். அவ்வளவுதான்."

"அப்போ தானா எரியுதே?"

"தானா எரியாது. எங்கயோ தண்ணி போகுதுன்னு அர்த்தம்."

டக். சுடர் பற்றியது.

இருவரும் குழாய்களைப் பார்த்தார்கள். எல்லாம் மூடியிருந்தன. சக்கரம் மட்டும் சுழன்றது.

பிளம்பர் சுவரில் உள்ளங்கையை வைத்தார். சூடு போகும் வழியே தடவிக்கொண்டு போய் மூலையில் நின்றார். "பழைய லைன் ஒண்ணு உள்ள போகுது. யாரோ மூடாம விட்டிருக்காங்க. நீங்க குழாயைத் திறக்கும்போது அந்தப் பக்கத்துத் தண்ணியும் இங்க இழுத்துக்கும்."

அந்தப் பக்கத்துத் தண்ணி. அவள் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துக்கொண்டாள்.

உளி பட்டதும் சுவரில் பதித்த ஓடுகள் உதிர்ந்தன. துவாரத்திலிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்தது. ஈரத்தலையோடு படுத்த தலையணையும், கட்டுப் பிரிக்காத புண்ணும், ஊறிப்போன சோப்பும் சேர்ந்து புளித்த வாடை. டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவே, ஓர் ஆள் ஒருக்களித்து நிற்குமளவு இடைவெளி. உடைந்த குழாய் முனையிலிருந்து வெந்நீர் வழிந்தது. சுவரெங்கும் அந்தச் சவ்வு, ஏடு மேல் ஏடாக, முடியும் நகத்துணுக்கும் பதிந்து தடித்திருந்தது. குழாய்க்கு நேர் கீழே மட்டும் ஒரு பள்ளம். முழங்காலைக் கட்டிக்கொண்டு வெகுகாலம் யாரோ உட்கார்ந்திருந்த பள்ளம்.

"எலிதான்," என்றார் பிளம்பர். அவர் குரலே அதை நம்பவில்லை.

அவள் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். அவர் அவசரமாக கேஸையும் தண்ணீரையும் அடைத்தார். "லைனை அடைக்க மூடி வேணும். கடைக்குப் போயிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் வெந்நீர் கிடையாது."

சொன்னவர் உளியைக்கூட எடுக்காமல் போனார்.

அவள் சமையலறைக்கு ஓடி, வாளியில் பிடித்து வைத்திருந்த பச்சைத் தண்ணீரில் வாயைக் கழுவினாள். உப்பைப் போட்டு நாக்கைத் தேய்த்தாள். எத்தனை கொப்பளித்தாலும் அந்த வழுவழுப்பு போகவில்லை. குளியலறையில் ஓட்டுத் துண்டொன்று தரையில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. பிறகு, ஈரமான மாவைப் பாத்திரத்திலிருந்து வழிப்பதுபோல ஒரு சத்தம்.

நீண்ட நேரம் அந்தச் சத்தம்.

போய்ப் பார்த்தாள். துவாரம் பெரிதாகியிருந்தது. குழாய் சில்லிட்டிருந்தது. தரையில் வெள்ளையாக ஒரு தடம். முடி ஒட்டிய தடம். அது வாசல் பக்கம் போகவில்லை. சூடு இருக்கும் பக்கம் போயிருந்தது.

உள்ளறைக்கு.

கதவு திறந்திருந்தது. கட்டிலின் கால் பளபளத்தது. தங்கை முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். போர்வை அவளுக்குப் பின்னால் உப்பியிருந்தது.

"உன் உடம்பு ஏன்க்கா இப்படி ஜில்லுனு இருக்கு?" தங்கை அரைத்தூக்கத்தில் முனகினாள். "காய்ச்சலுக்கு நல்லாத்தான் இருக்கு. இன்னும் நெருங்கிப் படு."

மூத்தவள் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

போர்வை அசைந்தது. வெளுத்து ஊறிய விரல்கள், நகமில்லாத விரல்கள், தங்கையின் கன்னத்தில் மெதுவாகப் படர்ந்தன. தடவின. சூடான மூச்சு வரும் இடத்தைத் தேடின. திறந்திருந்த அவள் வாயைக் கண்டுபிடித்ததும், ஒவ்வொன்றாக, உள்ளே வழுக்கிக்கொண்டு போயின.